கதவில் ஒட்டிய தொப்பி

வெலிச்கோ தினமும் காலையில் எட்டுப் படி இறங்குவார். கைப்பிடியை விடாமல் கீழ்வாசல் வரை வந்து, கதவைத் திறந்து, ப்ளோவ்டிவ் நகரத்துக் காற்றை நாலு மூச்சு இழுத்துவிட்டு, வந்த வழியே ஏறிவிடுவார். ஜனவரியில் நடைபாதை விளிம்பில் தடுக்கி விழுந்தவர், ஏப்ரல் வந்தும் அந்த வாசலைத் தாண்டவில்லை. எலும்பு ஒன்றும் முறியவில்லை. சந்தைக்குப் போன இரண்டு பெண்கள் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தியதில் மனசுதான் விட்டுப்போயிற்று. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தார்.

கண் இரண்டு வருடமாகவே சரியில்லை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது அழிந்துபோகும், ஓரங்கள் மட்டும் மிச்சமிருக்கும்.

வியாழக்கிழமை கதவின் வெளிப்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டம், மேலே சிலுவை. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்தான், சந்தேகமே இல்லை. யாராவது செத்தால் தெரிந்தவர் வாசலிலெல்லாம் ஒட்டுவது ஊர் வழக்கம். மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போனார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் புகை. தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தபோது அகலமான தொப்பி விளிம்பு ஒன்று தெரிந்தது.

வீட்டுக்குள்கூடத் தொப்பியைக் கழற்றாத ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவன்தான். கராபெட். அடுத்த தெருக்காரன், நாற்பது வருடமாகப் பூங்காவில் பகடை உருட்டி அவரிடம் தோற்றவன். தினமும் ஜன்னலுக்குக் கீழே நின்று கத்திக் கூப்பிட்டவனை, மூன்று வாரத்துக்கு முன்னால், "வேற ஆளப் பாத்துக்க, என்ன விடு" என்று விரட்டியது வெலிச்கோதான். அதோடு அவன் சத்தமே இல்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

பாவி மனுஷன், சண்டை போட்டுக்கொண்டே போய்விட்டானே என்று அந்தத் தாளுக்கு முன்னால் நின்று விம்மி அழுதார். பிறகு, எப்படி என்று அவருக்கே தெரியாது, தெருவில் இருந்தார்.

விளக்குக் கம்பத்தின் நிழல் குறுக்கே கிடந்தது. பள்ளம் என்று நினைத்துக் காலை உயரத் தூக்கித் தாண்டினார். அடுத்தது நிழல்தானே என்று தைரியமாக வைத்த காலில் நிஜமான விளிம்பு இடித்தது. வேலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எது தரை, எது நிழல், திரும்பினால் வீடு எந்தப் பக்கம், ஒன்றும் பிடிபடவில்லை. வேலியை விட்டால் செத்தேன் என்று அதைத் தடவிக்கொண்டே தெருமுனை திரும்பினார். ஐந்து நிமிட வழி, அரைமணி ஆயிற்று.

கராபெட் முற்றத்தில் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அடடே, உயிரோடதான் இருக்கியா?" என்றார்.

வெலிச்கோ வேலியோடு ஒட்டிக்கொண்டார். "நீ... நீ சாகலியா?"

"ஏண்டா, அவசரமா?"

"போன் பண்ணேன், எடுக்கல."

"உள்ள கெடக்கு. அதுக்காக என்னக் கொன்னுடுவியா?"

"எங்க வீட்டுக் கதவுல ஒட்டியிருக்கு. தொப்பி போட்ட படம். உன் தொப்பிதான், நான் பாத்தேன்."

கராபெட் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அது நான் இல்லடா. உன் நெடெல்கா. கடற்கரையில வைக்கோல் தொப்பியோட எடுத்த படம். அவ செத்து ஆறு மாசம் ஆச்சில்ல, அதுக்குத் திரும்ப ஒட்டுற நோட்டீஸ். உன் பொண்ணு மிலேனா நேத்து வந்து எங்க கதவுலயும் ஒட்டிட்டுப் போனா. சனிக்கிழமை கல்லறையில பிரார்த்தனையாம்."

வெலிச்கோவுக்கு நண்பன் பிழைத்த சந்தோஷம் பாதி பொங்கி அப்படியே நின்றது. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த மனைவி முகத்தில் மூக்கை வைத்துக்கொண்டு இன்னொருவனுக்காக அழுதிருக்கிறார். ஆறு மாதமா? அறைக்குள் கிடந்ததில் நாளும் கிழமையும் போன இடம் தெரியவில்லை. மிலேனா ஏன் சொல்லவில்லை? சொன்னாள். போன வாரம் போனில், "அப்பா, சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தாள். "நான் எங்கயும் வரல" என்று முடிக்கவிடாமல் வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது, அவள்மேல் கோபமாகவும் இருந்தது.

"கல்லறைக்கு நான் வரமுடியாதுடா. கால் வலி."

"கால் வலியோடதான் இங்க வந்தியா?"

"நீ செத்துட்டேன்னு வந்தேன்!"

"அவளும்தான் செத்துட்டா." கராபெட் குரலைத் தாழ்த்தினார். "நோட்டீஸுக்குக் கீழ என்ன போட்டிருக்கு தெரியுமா? உறவினர் நண்பர் எல்லாரும் வரணும்னு கணவர் வெலிச்கோவும் மகள் மிலேனாவும் கூப்பிடறதா. ஊரையே கூப்பிட்டுட்டு நீ வீட்ல உக்காந்திருப்பியா?"

வெலிச்கோ பயத்தைப் பயம் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"விழுந்துடுவேன்டா."

"விழு. அங்க நிக்கிறவங்க எல்லாம் நீ கூப்பிட்டு வந்தவங்கதானே. தூக்கிவிடுவாங்க."

அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வெலிச்கோ வேலியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"எத்தன மணிக்குன்னு போட்டிருக்கேன்?" என்று கேட்டார்.