செவலைக்கு முன்னால்

அடைக்கலராஜின் பழைய குதிரை ராஜா, அதட்டினால்தான் நகரும். காரைக்கால் ரயிலடியில் நிற்கிற ஜட்காக் குதிரைகளிலேயே அதைப் போல மந்தமும் கிடையாது, அதைப் போல பலமும் கிடையாது. ஐப்பசிப் புயலில் கொட்டகைச் சுவர் அதன் மேல் சாய்ந்து, அது செத்துப்போனது. அதன் பிறகு வந்ததுதான் செவலை.

ராஜாவைப் பழக்கிய மாதிரியேதான் செவலையையும் பழக்க ஆரம்பித்தார். அரசலாற்றங்கரை மணலில் நடுவே நின்றுகொண்டு, நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிடுவார். பின்னாலிருந்து அதட்டல், காற்றில் சாட்டையின் வெடிப்பு. பக்கத்தில் நடப்பது தெரியக் கூடாதென்று குதிரையின் கண்ணுக்கு இரு புறமும் தோல்பட்டை. ராஜா இதில்தான் வழிக்கு வந்தது. செவலை ஒரு சுற்று ஓடும். பிறகு நட்ட கல்லாக நிற்கும். மேலும் அதட்டினால் முன்னங்கால்களை மடித்து மணலில் படுத்துவிடும்.

"கள்ளக் குதிரைண்ணே," என்றார் காதர் பாட்சா. அவரும் ரயிலடியில் வண்டி ஓட்டுகிறவர். "படுத்தா விட்டுடுவீங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கு பாருங்க."

"எந்திரிக்குதா இல்லையா, இப்ப பாரு."

"எதுக்குண்ணே மல்லுக்கட்டிக்கிட்டு? நாகப்பட்டினத்துல சர்க்கஸ் போட்டிருக்கான். சிங்கம் எலும்பும் தோலுமா கெடக்காம். ஒரு வார்த்தை சொன்னா லாரியே அனுப்புவான்."

காதர் பாட்சா வேடிக்கையாகத்தான் சொன்னார். அடைக்கலராஜ் சிரிக்கவில்லை. "தவக்காலம் பொறக்கட்டும். அதுக்குள்ள வண்டியில பூட்ட முடியலன்னா லாரிதான்."

தண்ணீர் வாளியோடு வந்த ஜெயமேரி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற அவள், அடைக்கலராஜின் ஒற்றை மகள். செவலை செய்வது கள்ளத்தனம் இல்லையென்று அவளுக்குத் தெரியும். அப்பா உரக்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கும் கால் அப்படித்தான் ஊன்றிக்கொள்ளும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்பார்கள் மாதா கோயிலில். படுத்துக் கிடந்த குதிரையின் வயிற்றுத் தோல் விட்டுவிட்டுத் துடிப்பதை, வாளியை வைக்கக் குனிந்த அவள்தான் பார்த்தாள்.

சாயங்காலங்களில் அப்பா காதர் பாட்சாவின் வண்டியை ஓட்டப் போய்விடுவார். அந்த நேரத்தில் அவள் செவலையை ஆற்றங்கரைக்கு அவிழ்த்துப் போனாள். கண்பட்டையைக் கழற்றினாள். வட்டம் வேண்டாம், சாட்டை வேண்டாம். கயிற்றைத் தொய்வாகப் பிடித்து, குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றாள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் தோளில் சூடாக மூச்சு பட்டது. அவள் நடந்தாள். பின்னாலேயே குளம்புச் சத்தம் வந்தது.

செவலைக்குத் தன் பின்னால் எது வந்தாலும் ஆகாது என்பதைப் புரிந்துகொண்டாள். அதனால் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கயிற்றில் கட்டி, தானே முன்னால் கடகடவென்று இழுத்துப் போனாள். முதலில் காதை விறைத்த செவலை, சத்தம் தன்னை விட்டு விலகிப் போகிறதென்று கண்டதும் எட்டி வந்து மோந்து பார்த்தது. பிறகு டின் பக்கவாட்டில் வந்தது. கடைசியில் செவலையே இழுக்க, அதற்குப் பின்னால் போனது. செவலை தலையைத் தாழ்த்தி வாயை மென்றால் போதுமென்று அர்த்தம். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் கேட்க மாட்டாள். டின்னுக்குப் பதில் பனந்துண்டைக் கட்டினாள். செவலை அதையும் இழுத்தது.

ஒரே ஒரு நாள், அப்பாவைப் போல வண்டிக்காரன் இருக்கிற இடத்தில், பின்னால் போய் நின்று பார்த்தாள். செவலை கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடியது. வயிற்றுத் தோல் துடிக்க ஆரம்பித்தது. அவள் ஓடிப்போய் முன்னால் நின்றுகொண்டாள். மறுபடி அதைச் சோதிக்கவில்லை.

ஒரு மாலை அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். கரைமேல் நின்று, பனந்துண்டை இழுத்து வரும் குதிரையையும் முன்னால் நடக்கும் மகளையும் பார்த்தார்.

"யாரு பழக்குனது?"

"நான்தாம்ப்பா."

"ஆள் முன்னாடி இல்லன்னாலும் இழுக்குமா?"

இல்லை என்றால் லாரி. அப்பாவின் கையில் சாட்டை இருந்தது.

"இழுக்கும்ப்பா," என்றாள்.

"அப்ப நாளைக்குக் காலை ரயிலுக்குப் பூட்டிடுவோம்." அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாக அவள் தலையில் கைவைத்தார். அந்தக் கை அவளுக்குக் கனத்தது.

அன்றிரவு அம்மா அற்புதத்தின் பக்கத்தில் படுத்தும் தூக்கம் வரவில்லை. கொட்டகையில் செவலை கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது.

"அம்மா."

"என்னடி? இன்னும் தூங்கலியா?"

"செவலை அப்பாவுக்கு இழுக்காதும்மா. என்னைப் பாத்துக்கிட்டே வரத்தான் அதுக்குத் தெரியும். அத மட்டும்தான் நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அய்யோ மாதாவே. அவருகிட்ட இழுக்கும்னு சொன்னியாமே?"

"பயமா இருந்துச்சும்மா."

"வண்டியில புள்ளக்குட்டியோட ஏறுவாங்கடி. அது மெரண்டு கவுத்துடுச்சுன்னா?"

"சொன்னா லாரியில ஏத்திடுவாரும்மா."

இருட்டில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பாவும் தூங்கவில்லை. ஜெயமேரி வசவு வரும், இல்லாவிட்டால் அடி வரும் என்று காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை.

"ஏத்த மாட்டேன்," என்றார் அப்பா, நிதானமாக. "ஒன்னப் பாத்துதான நடக்குது? நீ முன்னாடி நட."

"அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குங்க," என்றாள் அம்மா.

"ரெண்டு நாளு. அது பழகுற வரைக்கும்."

மறுநாள் காலை ரயிலில் வந்திறங்கிய அம்பகரத்தூர்க் குடும்பம் ஒன்று வண்டியில் ஏறியது. கடைத்தெரு வழியாக ஜெயமேரி முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திச் செவலை, அதற்குப் பின்னால் வண்டி. ஒரு தடங்கல் இல்லை.

"அண்ணனுக்கு யோகம்தான்! முன்னாடி எஞ்சின், பின்னாடி பெட்டி!" என்று கத்தினார் காதர் பாட்சா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர் சைக்கிள் கடை வாசலில் நின்று பார்த்தார்கள். ஜெயமேரி தரையைப் பார்த்தபடி நடந்தாள்.

இரண்டு நாள் வாரமானது. தவக்காலம் பிறந்தது. குதிரையை மெல்லப் பிரித்துப் பழக்கலாமென்று, ஒருநாள் அவள் நடையைக் குறைத்துச் சக்கரத்துக்கு நேராகப் பின்தங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பழகும், டின்னுக்குப் பழகிய மாதிரி. ஆனால் செவலை நின்றது. வண்டியில் ரயிலுக்கு நேரமாகிறதென்று சத்தம் போட்டார்கள்.

"அப்பா, கொஞ்சம் பொறுத்தீங்கன்னா..."

"எவன் பொறுப்பான்? முன்னாடி போ."

சாட்டை உயர்ந்தது. அது குதிரையின் பக்கம் உயரவில்லை. அவள் முன்னால் போனாள்.

பரீட்சை அவள் இல்லாமலே வந்து போனது. கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறந்தபோது யாரும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மா சீருடைப் பாவாடையைக் கிழித்துச் செவலையின் சேணத்துக்கு அடியில் மெத்தையாகத் தைத்துக் கொடுத்தாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள், மாலை ரயிலுக்காக வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. செவலை ஜெயமேரியின் தோளில் தாடையை வைத்திருந்தது. ரயில் வந்தது, ஆட்கள் ஏறினார்கள். அப்பா இருக்கையில் உட்கார்ந்து, குதிரையைக் கிளப்புவதற்கு நாக்கைத் தட்டினார்.

செவலை காதை மட்டும் அசைத்தது. ஜெயமேரியின் கால்கள்தான் முதலில் நகர்ந்தன.