ஓட்டுப் போடாதவன் வானிலை பேசலாம்

2007 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய லார்க்ஹில் அஞ்சலகத்தில் வெர்ன் ஆஸ்லண்ட் என்ற விவசாயிக்கு ஒரு கடிதம் வந்தது. காலை ஒன்பது மணிக்கு வெளியே மைனஸ் முப்பத்து நான்கு டிகிரி.

வெர்ன் அதை அஞ்சலகத்தில் பிரிக்கவில்லை. அரசாங்கத்திடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அவர் அதைக் கூட்டுறவுக் கடையின் பின்பக்க மேசைக்குக் கொண்டு வந்துதான் பிரிப்பார். உரக்கப் படித்து, வரிக்கு வரி கிண்டல் செய்வார். வரி அலுவலகக் கடிதத்தை ஒருமுறை தேவாலயப் பாட்டு மெட்டில் பாடிக் காட்டியிருக்கிறார். அந்த மேசையில் காலை ஒன்பதரைக்குக் காப்பி குடிக்கக் கூடுகிற எங்களுக்கு அது பொழுதுபோக்கு.

மேசைக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய குவளை. ஆணிகளுக்கு மேலே ஒரு பலகை. சூட்டுக்கோலால் எழுத்தைக் கருக்கி வெர்னே அதைச் செய்து மாட்டினார்: 'ஓட்டுப் போடாதவன் வானிலை பேசலாம்.'

பலகை விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் அந்த விதி நிஜமாகவே அமலில் இருந்தது. அதன் கீழ் வாழ்ந்த ஒரே ஆள் ஃபெலிக்ஸ் லலோன்ட்.

1988 நவம்பரில் நடந்த தேர்தலில், அமெரிக்காவோடு தடையற்ற வணிகம் வேண்டுமா வேண்டாமா என்று நாடே இரண்டுபட்டிருந்தது. லார்க்ஹில் வாக்குச்சாவடிக்கு வெர்ன்தான் அதிகாரி. பள்ளத்தில் இறங்கிய பக்கத்துக்காரரின் வண்டியைத் தன் டிராக்டரால் இழுத்துவிட்டு ஃபெலிக்ஸ் வந்து சேர்ந்தபோது சாவடி மூடி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. "சட்டம் சட்டம்தான்" என்று சொல்லி வெர்ன் கதவைத் திறக்கவில்லை. இருவருமே அந்த ஒப்பந்தத்துக்கு எதிரானவர்கள். ஃபெலிக்ஸ் அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கவில்லை. ஆனால் மேசைக்கு ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. பதினெட்டு ஆண்டுகளாக மழை, பனி, காற்றின் திசை, இவை தவிர வேறெதுவும் அங்கே அவர் பேசி நான் கேட்டதில்லை. வாரப் பத்திரிகை நடத்துகிறவன் என்பதால் எனக்கு இப்படிப்பட்ட கணக்குகள் நினைவில் நிற்கும்.

அன்று வெர்ன் கையுறையைக் கழற்றி, கண்ணாடியின் பனியைத் துடைத்து, உறையை ஆட்டிக் காட்டினார்.

"பாஸ்போர்ட் ஆபீஸு" என்றார். "வீட்டுல ஆர்டிஸுக்கு நாப்பதாவது கல்யாண நாளைக்கு அரிசோனா போகணுமாம். நாப்பது வருஷமா லைசென்ஸைக் காட்டிட்டு எல்லையைத் தாண்டிட்டு வர்றேன். போன மாசத்துலேருந்து விமானத்துல போனா பாஸ்போர்ட் வேணுமாம். அமெரிக்காக்காரனுக்குத் திமிரைப் பாத்தியா? நம்மளைப் பாத்து அவனுக்குப் பயமாம்."

"யோவ், உன்னைப் பாத்தா எனக்கே பயமாத்தான் இருக்கு. படிய்யா" என்றார் ஒரெஸ்ட் ஹ்ரின்கிவ். ஒரெஸ்ட் எதிர்க்கட்சி. வெர்ன் எது சொன்னாலும் அதற்கு எதிர்க்கட்சி. முப்பது ஆண்டுகளாக அவருக்கு அதுதான் வேலை. பட்டாணி பயிரிடுவதெல்லாம் உபதொழில்.

வெர்ன் அதிகாரிக் குரலில் ஆரம்பித்தார்.

"'தாங்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொன்டானா மாநிலத்தில் பிறந்ததாகத் தங்கள் விண்ணப்பத்திலிருந்து அறிகிறோம்.' ஆமாய்யா, பொறந்தேன். அதுக்கு என்ன இப்போ?"

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1945 டிசம்பர். வடக்கே இருந்த ஆஸ்பத்திரிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர். பனியில் பாதை மூடிக் கிடந்தது. தெற்கே முப்பத்தெட்டு கிலோமீட்டரில் இன்னொரு ஆஸ்பத்திரி இருந்தது. நடுவில் ஒரு முள்வேலி, அதுதான் எல்லை. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் வலியெடுத்தால் தெற்கேதான் போனார்கள். ஆறாம் நாள் குழந்தையோடு திரும்பி வந்தார்கள்.

"'வெளிநாட்டில் பிறந்த குழந்தையாகத் தங்கள் பிறப்பு உரிய காலத்துக்குள் பதிவு செய்யப்பட்டதற்கான ஆவணம் எதுவும் எங்களிடம் இல்லை. எனவே தாங்கள் கனடாவின்...'"

அங்கே நின்றார். மூச்சு வாங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரெஸ்ட் கையை நீட்டி, தாளை மெதுவாக வாங்கினார்.

"'கனடாவின் குடிமகன் அல்ல என்று தெரியவருகிறது'" என்று ஒரெஸ்ட் படித்து முடித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கும் என்பது போல.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த கடைப் பணியாள் டோரின் கையை எடுக்கவில்லை. என் குவளை நிரம்பி, மேசைவிரிப்பில் வழிந்து, இலவங்கப்பட்டை பன் வைத்திருந்த தட்டின் அடியில் போயிற்று. யாரும் துடைக்கவில்லை.

"அப்ப இவரு யாரு?" என்றாள் டோரின்.

கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கம் பதியாதவன் யார்? நாற்பது ஆண்டுகளாக அந்த மேசையில் வெர்ன் ஒருவரைத் திட்ட வேண்டுமானால் பயன்படுத்திய சொல் அது. பேராசை பிடித்த தரகனைச் சொல்வார். சத்தமாகப் பேசும் மருமகனைச் சொல்வார். ஒரெஸ்டை வாரத்துக்கு இருமுறை சொல்வார்.

கடைசியில் வெர்னே சொன்னார். "அமெரிக்காக்காரன்."

ஒரு நாள் முன்பு அதே சொல்லை அவர் சொல்லியிருந்தால் மேசை குலுங்கியிருக்கும். இப்போது ஒரெஸ்ட் தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினார்.

"அதெப்படி? போன வருஷம் ஜனவரித் தேர்தல்ல நீதானே சாவடியில உக்காந்திருந்தே" என்றார் ஒரெஸ்ட். "'நீங்கள் கனடாவின் குடிமகனா'ன்னு எங்கிட்டயே கேட்டியே. எங்கிட்டயே! பக்கத்து நிலத்துக்காரன்கிட்ட."

"கேக்கணும். கேக்கச் சொல்லி எழுதியிருக்கு."

"உன்னை யாரும் கேக்கலையா?"

வெர்ன் யோசித்தார். "கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்." பிறகு, "பொய் சொல்லலைடா ஒரெஸ்ட். எனக்குத் தெரியாது."

"உங்கப்பா பதிஞ்சிருக்கணும்."

"எங்கப்பா அந்தக் குளிர்காலத்துல ரெண்டு பொலிகாளை வாங்கினாரு. ரெண்டுக்கும் வம்சாவளியோட பதிவுப் பத்திரம் இருக்கு. முத்திரை போட்டு, கண்ணாடிச் சட்டத்துல. இன்னும் எங்க வீட்டு மாடிப்படியில தொங்குது." அவர் குரல் உயரவில்லை. "காளையைப் பதிஞ்சிருக்காரு."

ஒரெஸ்டின் வாய் ஓரம் ஒருமுறை துடித்தது. சிரிப்புதான். அவர் அதை அடக்கிக்கொண்டார். முப்பது ஆண்டுகளில் அவர் ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. என்னைப் பயமுறுத்தியது கடிதம்கூட அல்ல, அதுதான்.

அப்போது ஃபெலிக்ஸ் தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரும்பினோம்.

"அப்போ அன்னிக்கு" என்றார் ஃபெலிக்ஸ், "என்னை வாசலோட திருப்பி அனுப்பினது யாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. கதவு எண் விசாரிப்பது போலக் கேட்டார். வெர்ன் அவரைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். கடைக்கு எதிரே கம்பத்தில் கொடி விறைத்து நின்றது.

"காத்து வடமேற்கு" என்றார் வெர்ன்.

அவ்வளவுதான். குவளையைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

ஊர் அந்தக் கடிதத்தை எங்களைவிட மோசமாக எடுத்துக்கொண்டது. மதியத்துக்குள் பரண்களிலிருந்து பழைய தகரப்பெட்டிகள் இறங்கின. ஞானஸ்நானச் சான்றிதழை வைத்துக்கொண்டு, அதைப் பிறப்புச் சான்றிதழ் என்று ஐம்பது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெற்கே பிறந்தவர்கள் என்று பதினோரு பேரின் பெயரைக் குறித்துக்கொண்டேன். அதில் டோரினின் தாயார் ஒருவர். தேவாலய உறுப்பினர் சங்கத் தலைவர் ஒருவர். பத்திரிகையில் பெயர்களைப் போடவில்லை.

வெர்ன் தேர்தல் அலுவலகத்துக்குத் தானே தொலைபேசினார். 1979 முதல் சாவடி நடத்தியிருப்பதாகவும், தான் குடிமகன் இல்லை என்று இப்போது தெரியவந்திருப்பதாகவும் சொன்னார். எதிர்முனையில் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள்.

"எதுக்குய்யா நீயே போய்ச் சொன்னே? ஜெயில்ல போட்டா என்ன பண்ணுவே?" என்று ஒரெஸ்ட் கேட்டார்.

"ராத்திரி இன்னும் அஞ்சு டிகிரி எறங்கும்" என்றார் வெர்ன்.

தினமும் இப்படித்தான். வந்தார், பகடை உருட்டினார், தோற்றால் எல்லோருடைய குவளையையும் கழுவினார், பனிப்பொழிவைப் பற்றிப் பேசினார். ஒரெஸ்ட் செய்தித்தாளை விரித்து, ஆப்கானிஸ்தானில் நம் படைகள் இருப்பது சரிதான் என்பார். வெர்ன் கோப்பைக்குள் பார்ப்பார். ஒரெஸ்ட் கொஞ்சம் பொறுத்து, பிரதமர் செய்வதெல்லாம் சரி என்பார். ஒன்றும் நடக்காது. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரெஸ்ட் தன் கட்சியைத் தானே திட்டினார், யாராவது எதிர்த்துப் பேசட்டும் என்று. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

"அந்தப் பலகையைக் கழட்டித் தொலைங்களேன், பெருசுகளா" என்றாள் டோரின்.

"அதை மாட்டினவன் கழட்டணும்" என்றார் ஒரெஸ்ட்.

"அவரு கழட்ட மாட்டாரு. கழட்டினா ஃபெலிக்ஸுக்கு என்ன பதில் சொல்வாரு?"

ஃபெலிக்ஸ் அப்போது பக்கத்தில்தான் இருந்தார். தன் பன்னில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 20ஆம் தேதி வெர்ன் இன்னொரு உறையோடு வந்தார். அது எங்களில் நிலம் வைத்திருந்த எல்லோருக்கும் வந்த உறைதான். பார்லியை, விவசாயிகளின் தானியத்தை மொத்தமாக விற்றுத் தரும் கோதுமை வாரியம் மட்டுமே விற்க வேண்டுமா, விவசாயி தன் விருப்பப்படி விற்கலாமா என்று அரசாங்கம் விவசாயிகளிடம் அஞ்சல் வழியே வாக்குக் கேட்டிருந்தது. வெர்ன் பிரித்து வைத்திருந்தார். தாளை மேசையில் பரப்பி, முன்னும் பின்னும் தடவினார்.

"மூணு தடவை படிச்சேன்" என்றார். "பார்லி போட்டியான்னு கேக்குறான். எவ்வளவு போட்டேன்னு கேக்குறான். எங்கே பொறந்தேன்னு கேக்கலை."

ஒரெஸ்ட் தாளைப் பிடுங்கிப் படித்தார். வாழ்நாளில் எந்த அரசாங்கத் தாளையும் அவர் அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்.

"கேக்கலை" என்றார்.

"இது ஓட்டா, இல்லையா?"

"ஓட்டுதான். ஆனா பார்லி ஓட்டு."

"அப்ப பார்லி பேசலாமா?"

ஒரெஸ்ட் நீதிபதி போல முகத்தை வைத்துக்கொண்டார். "பார்லி பேசலாம். பார்லி மட்டும். பிரதமரை இழுக்கக் கூடாது. அமெரிக்காவை இழுக்கக் கூடாது."

"பார்லியை வாங்குறதே அமெரிக்காக்காரன்தானேடா!"

"உன் ஜனங்களைப் பத்தி நீ நல்லவிதமாப் பேசலாம்" என்றார் ஒரெஸ்ட். இரண்டு வாரத்துக்குப் பிறகு மேசையில் சிரிப்பு எழுந்தது. வெர்ன் சிரிக்கவில்லை, ஆனால் காது சிவந்தது. அது நல்ல அறிகுறி.

பிறகு வெர்ன் எதிர்பக்கம் திரும்பினார்.

"ஃபெலிக்ஸ். உனக்கும் வந்திருக்கணுமே."

ஃபெலிக்ஸ் தலையசைத்தார்.

"அடுப்புல போட்டுட்டியா?"

"இன்னும் இல்லை."

"மார்ச் 13 வரைக்கும் நேரம் இருக்கு" என்றார் வெர்ன். "நான் அன்னிக்குக் கதவைத் திறந்திருக்கணும். நாலு நிமிஷம். சட்டம்னு சொன்னேன். சட்டத்துக்கு நான் யாருன்னு எனக்கே தெரியலை." அந்த மேசையில் யாரும் இவ்வளவு தூரம் மனம் திறந்து பேசி நான் கேட்டதில்லை. "அதை எடுத்துட்டு வா. சேந்து போய்ப் பெட்டியில போடலாம்."

மறுநாள் ஃபெலிக்ஸ் உறையை ஒட்டியே எடுத்து வந்தார். இருவரும் சாலையைக் கடந்து போய், அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஃபெலிக்ஸ் குல்லாவைக்கூடக் கழற்றவில்லை. உட்கார்ந்ததும், வாரியம் என்பது விவசாயியின் கழுத்தில் கட்டிய கயிறு என்று ஆரம்பித்தார். வெர்ன் உயிரைவிட மேலாக நினைத்த வாரியம் அது. வெர்ன் இரண்டு முறை குறுக்கிட்டார். ஃபெலிக்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார். பன்னிரண்டு மணி வரை அவர்தான் பேசினார். டோரின் கடையின் முன்பக்கத்தை அம்போ என்று விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள்.

"இந்த மனுஷன் இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்கே வச்சிருந்தாரு?" என்றாள்.

"மழையில" என்றார் ஒரெஸ்ட்.

வசந்தம் வந்து விதைப்பு முடிந்தது. ஆர்டிஸ் தன் தங்கையோடு அரிசோனா போய் வந்தார். வெர்ன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். வந்த பதிலில் காத்திருக்கச் சொல்லியிருந்தது. அறுபத்தொரு ஆண்டுகள் இந்த நாட்டில் வசித்ததற்குச் சான்று கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூட மதிப்பெண் தாள்களையும், தானியக் கிடங்கு ரசீதுகளையும், ஒரெஸ்ட் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் அனுப்பினார். குடியுரிமை இன்னும் வரவில்லை. தேர்தல் அலுவலகமும் திரும்ப அழைக்கவில்லை. பலகை அதே இடத்தில் இருந்தது.

நவம்பர் 7, புதன்கிழமை, மாகாணத் தேர்தல். லார்க்ஹில் சாவடி முன்னாள் படைவீரர் கூடத்தில் காலை ஒன்பது மணிக்குத் திறந்தது. ஒன்பது இருபதுக்கு வெர்னின் வண்டி அங்கே வந்து நின்றது. ஃபெலிக்ஸ் இறங்கி உள்ளே போய், அடையாளத்தைக் காட்டி, கேட்ட கேள்விக்கு ஆம் என்று சொல்லி வாக்களித்தார். அதற்கு ஏழு நிமிடம் ஆனது. வெர்ன் எஞ்சினை அணைக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் காப்பி குடிக்க வந்தார்கள்.