கைராசிக்காரன் போட்ட ஒற்றை வரி

அலுவலகத்தில் அவளுக்கு ‘எழுதியாச்சா மேடம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். யார் எந்த சர்வர் கணினியைத் தொட்டாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்: “ஃபைல்ல எழுதியாச்சா?”

கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. ஊர் முழுக்கத் தொலைபேசி அழைப்புகளைக் கடத்திக் கொடுக்கிற நிறுவனம் அது. ஒரு பெரிய அறை நிறைய சர்வர்கள். எந்த சர்வர் எந்த வழியாக எதோடு பேச வேண்டும் என்பதை முன்பெல்லாம் ஆளாளுக்குக் கையால் தட்டிவிட்டுப் போவார்கள். தட்டியவன் விடுப்பில் போய்விட்டால் மற்றவர்களுக்கு விழி பிதுங்கும். அதை ஒழுங்குபடுத்தத்தான் அவளைக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். அவள் கொண்டுவந்த முறை எளிமையானது. எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் போதும். மென்பொருள் ஒவ்வொரு சர்வராகப் போய்ப் பார்த்து, எழுதியபடி ஆக்கிவிடும். எழுதாததைத் துடைத்துவிடும். அதற்குத் தாட்சண்யம் கிடையாது.

அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. தாட்சண்யத்தை அவள் வீட்டில் வேண்டிய மட்டும் பார்த்திருந்தாள்.

கணவனின் தம்பியும் அதே குழுவில் இருந்தான். அவள் சொல்லித்தான் வேலை கிடைத்தது. அதை எல்லோரும் வசதியாக மறந்து நாளாகிவிட்டது. அவனுக்கு வைத்த பெயர் கைராசிக்காரன். எது படுத்தாலும் அவன் வந்து இரண்டு வரி தட்டினால் எழுந்துவிடும். என்ன தட்டினான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அது தெரியாமல் இருக்கிறவரைதான் அவன் கைராசிக்காரன்.

முறையை முழுசாக ஓட்டுவதற்கு முன்னால், எதையெல்லாம் அழிக்கப்போகிறது என்று மென்பொருள் காட்டியது. அவள் எல்லோரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கொழுந்தன் பார்த்துவந்த சர்வரில் ஒரே ஒரு வரி ஃபைலில் இல்லாமல் நின்றது.

“இது என்ன?”

நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே அவன் திரையைப் பார்த்தான். “பழைய குப்பை அண்ணி. தூக்கிடுங்க.”

ஆபீசில் அண்ணி என்று கூப்பிடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டான். பொய் சொன்னானா, நிஜமாகவே மறந்துபோனானா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவள் தூக்கிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்புகள் போகிற வழி அந்த ஒற்றை வரியில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிட்டவர்களுக்கு மணிகூட அடிக்கவில்லை. மேனேஜர் தன் அறைக்கும் சர்வர் அறைக்குமாக ஓடினார். அவள் ஃபைலை மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தாள். ஃபைலில் என்றைக்குமே இல்லாத ஒன்றை அதில் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போதுதான் கைராசிக்காரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். ஒரு வரி தட்டினான். அழைப்புகள் போக ஆரம்பித்தன. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

மறுநாள் விசாரணை.

“அவன் போட்டது வருஷக்கணக்கா ஓடிச்சு. நீங்க வந்து அழிச்சீங்க” என்றார் மேனேஜர்.

“அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் சார் அழிச்சேன்.”

“தலைவி நீங்களா, அவனா?”

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். ‘நான்தான் குப்பைன்னு சொன்னேன் சார்’ என்று ஒரு வார்த்தை போதும். அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

அவளைக் கீழ்த்தளத்தில் புகார் கேட்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் நாற்காலி அவனுக்குப் போனது. அந்த ஒரு சர்வரை மட்டும் மென்பொருள் இனி தொடக்கூடாது என்றும் உத்தரவு வந்தது.

நாற்காலி போனதைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். அந்த வரியைத்தான் விழுங்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவனிடமே கேட்டாள்.

“அந்த வரியை ஃபைல்ல எழுதிடு. கையால தட்டினது, மிஷின் ஒருதரம் அணைஞ்சு எழுந்தா நிக்காது. உனக்குத் தெரியாததா?”

அவன் சிரித்தான். “எழுதி வச்சுட்டா அப்புறம் என்னை யாரு அண்ணி கூப்பிடுவாங்க?”

விளையாட்டுக்குச் சொன்ன மாதிரிதான் இருந்தது. கணவனும் கூடவே சிரித்தான்.

“ஆம்புலன்ஸ் லைன்டா அது!”

“வீட்டுக்கு வந்தும் அவனை ஏம்மா குடையற?” என்றாள் மாமியார். “உன் கோவத்தை அவன் சாப்பாட்டுல காட்டாத.”

மேனேஜரிடமும் போய்ச் சொன்னாள். வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள் என்றார். அதற்குமேல் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மழைக்காலம் முடிந்த கையோடு சர்வர் அறையில் மின்சார வேலை வைத்தார்கள். ஒவ்வொரு சர்வராக அணைத்து எழுப்பினார்கள். எழுதி வைத்தவையெல்லாம் எழுந்ததுமே தங்கள் வழியைத் தெரிந்துகொண்டன.

அன்று அவளுக்கு விடுமுறை. காலையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டு ஓடினாள். மாமியார் சமையலறைத் தொட்டிக்குக் கீழே கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கணவன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். காதில் வைத்துக்கொண்டே நின்றான். “மணியே அடிக்கலையே” என்று மறுபடி போட்டான்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“உங்க தம்பிக்குப் போடுங்க! அவன் வரி போயிடுச்சுன்னு சொல்லுங்க!”

நாலு மாடி இறங்கித் தெருவுக்கு ஓடினாள். காலை நெரிசலில் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஊர்ந்தன. அவள் கையைக் காட்டக் காட்ட ஒன்றும் நிற்கவில்லை. அங்கே ஆபீசில் கொழுந்தன் போனை எடுத்து, சர்வர் அறைக்கு ஓடி, அந்த வரியைத் தட்டிய பிறகுதான் அழைப்பு போய் ஆம்புலன்ஸ் புறப்பட்டது.

“பக்கவாதம். உயிருக்குப் பயமில்லை” என்றார் டாக்டர். “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்.”

கணவன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். “நீ மட்டும் இல்லேன்னா அம்மா போயிருப்பாடா!” அவன் அண்ணனுடைய தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தான்.

பிறகு மருந்துக்கடை வாசலில் அவள் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

“இப்பவாவது எழுதுவியா?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி” என்றான்.

அவனை அங்கேயே அறைந்திருக்கலாம். மருந்தை வாங்கிக்கொண்டு படியேறினாள்.

மாமியாரை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வலது கை போர்வைமேல் போட்டது போட்டபடி கிடந்தது. நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. ஆனாலும் மாமியாருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது.

“என் சின்னவன்தான்… ஓடிப் போய்… லைனைச் சரி பண்ணி… என் உசிரைக் காப்பாத்தினான்.”

“கைராசிக்காரனாச்சே!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அலுவலகத்துப் பெயர் வீடுவரைக்கும் வந்துவிட்டிருந்தது. கொழுந்தன் ஜன்னலோரமாகத் தெருவைப் பார்த்தபடி நின்றான்.

மருமகள் கட்டிலருகே உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் பக்கம் மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

“இவ… அழிச்சாளே… அதே லைன்தான்.”

வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் நின்றவன் திரும்பவேயில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் அது எழுந்துவிடப் போகிறதா?

மாமியாரின் கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டியை நீட்டினாள்.

“வாயைத் திறங்க அத்தை.”