கடல் காற்று படாத டயல்

பல் கட்டும் கூடத்தில் அவளுக்குப் பெயர் கறையக்கா. பொய்ப்பல்லை வெள்ளையாகச் செய்வது பெரிய வித்தையல்ல. அந்த ஆளின் வாயில் ஏற்கெனவே இருக்கும் பற்களோடு ஒட்டிப்போகும்படி அதைப் பக்குவமாகக் கெடுப்பதுதான் வித்தை. இருபது வருடம் புகை பிடித்தவருக்கு ஓரத்தில் பழுப்பு, டீ பிரியருக்கு இடுக்கில் ஒரு மெல்லிய கோடு, வயதானவருக்கு நுனியில் இழை போல ஒரு கீறல். "கறையக்கா கையில குடுங்க, கட்டின பொண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியாது" என்று பல் டாக்டர்கள் சொல்வார்கள். நாற்பத்தாறு வயதில் அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான்.

கைக்கடிகாரத்தின் பக்கம் அவளை இழுத்துவிட்டது அவளுடைய அண்ணன். பழைய வாட்சுகளை வாங்கிப் பழுது பார்த்து விற்கிற கடை அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர், சாப்பாட்டு மேஜையில் ஒரு வாட்சை வைத்தார். உறையெல்லாம் தேய்ந்து கிழடு தட்டியிருந்தது. உள்ளே டயல் மட்டும் பளீரென்று புதிது. தண்ணீர் புகுந்து பழைய டயல் அழிந்துவிட்டதால் வேறு போட்டிருந்தார்.

"எப்படி இருக்கு, பாரு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தாத்தா வாயில பால்பல்லு முளைச்ச மாதிரி இருக்குண்ணே."

"அதேதான் அந்த வாட்சுக்காரரும் சொல்றாரு. அவங்க அப்பா கட்டின வாட்ச். கையில கட்டவே மனசு வரலயாம். பல்லுக்குக் கறை போடறவ, இதுக்குப் போட மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கை அதற்குள் துறுதுறுத்தது.

அண்ணன் கொடுத்த மாற்று டயல்கள் மூன்றில் முதலாவதை டிகாக்‌ஷனில் ஊறப்போட்டாள். எண்கள் உரிந்து கோப்பையின் அடியில் கிடந்தன. இரண்டாவதை ஓவனில் வைத்தாள். பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மூன்றாவது வெள்ளிப் பூச்சு போட்ட டயல். மேலிருந்த மெருகைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். சுடச்சுட அவித்த முட்டையை உரித்து நசுக்கி ஒரு டப்பாவில் போட்டு, அதே டப்பாவில் டயலை முட்டை படாமல் ஒரு மூடியின் மேல் உட்காரவைத்து, காற்றுப் போகாமல் அடைத்தாள். முட்டையின் கந்தக ஆவி பட்டு அரைமணியில் வெள்ளி மஞ்சளாகி, மஞ்சள் தேன் நிறத்துக்குப் போனது.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சமையலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு முட்டை இல்லையா?" என்றார்.

"வாட்ச் சாப்பிட்டுடுச்சுங்க."

அவர் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார்.

நிறம் வந்தால் மட்டும் போதாது என்பது அவளுக்குத் தெரியும். டீக்கறை பல்லில் எங்கே தங்கும், உதடு எங்கே துடைத்துவிடும் என்று பார்த்துப் பழகிய கண். வாட்சுக்குள் ஈரம் நுழைவது சாவி கொடுக்கும் குமிழ் வழியாக. ஆகவே மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில்தான் கறை கனமாகத் தொடங்க வேண்டும், போகப்போக மெலிய வேண்டும். முட்களை வினிகரும் உப்பும் கலந்த தண்ணீரில் காட்டி, பளபளப்பு செத்ததும் எடுத்துக் கழுவினாள். இருட்டில் ஒளிரும் பூச்சின் மேல் காவி கலந்த வார்னிஷை ஊசி முனையால் தொட்டு வைத்தாள். டயலின் புள்ளிகளும் முட்களும் ஒரே வயசுக்கு வர ஒரு வாரம் பிடித்தது.

வாட்சுக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அண்ணன் வந்து சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அண்ணன் ஒரு டயலோடு வந்தார். இரண்டு வருடத்தில் தொண்ணூறுக்கு மேல் செய்திருப்பாள். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. முதல் ஆள் எப்படியோ அப்படித்தான் எல்லாரும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் பல்லின் நிறம் பார்க்க ஒருவரைக் கூடத்துக்கே அனுப்பிவைத்தார் ஒரு டாக்டர். ஓய்வுபெற்ற தபால்காரர், முன்பல் ஒன்று போயிருந்தது. ஜன்னலோரம் உட்காரவைத்து, நிறப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவர் உதட்டருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தைச் சொறிய அவர் கையைத் தூக்கினார். வாட்ச் அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

ஏழாம் எண்ணுக்குக் கீழே காற்புள்ளி மாதிரி ஒரு கறை. போன மழைக்காலத்தில், அவள் தூரிகையை வைக்கும் நேரம் பார்த்துக் கணவர் தும்மியதில் விழுந்தது.

"நல்லா இருக்கே வாட்ச்" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

தபால்காரருக்கு முகம் மலர்ந்தது. "நாப்பது வருஷத்து வாட்சும்மா. டயலு, முள்ளு எதையும் மாத்தவே இல்ல. ஒரு மாலுமி கையில கிடந்ததாம். இந்த நிறம் இருக்கு பாருங்க, இது கடல் காத்து பட்டு வந்தது. கடைக்காரர் விவரமா சொன்னாரு. ஆயுசுல எனக்குன்னு நான் வாங்கின ஒரே பொருள் இதுதான்."

அவள் கையிலிருந்த பட்டை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். நிறத்தைக் குறித்துக்கொண்டு அனுப்பிவைத்தாள். அன்று முழுவதும் யார் பேசியதும் காதில் ஏறவில்லை.

வேலை முடிந்ததும் நேரே அண்ணன் கடைக்குப் போனாள்.

"கடல் காத்தாண்ணே? நாலு முட்டை அவிச்சேன் அதுக்கு."

அண்ணன் கடையில் வேறு ஆள் இல்லையே என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "சும்மா ஒரு கதை. கேக்கறவருக்கு அதுல ஒரு சந்தோஷம். மெஷின் பழசு, உறை பழசு, அதுல பொய்யே இல்ல."

"டயலு மாத்தலன்னு சொல்லியிருக்கீங்க."

"எல்லாரும் சொல்றதுதான். நீ செஞ்சதுன்னு யாருக்குத் தெரியப்போகுது? எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை உன்னோடது."

வேறு நாளில் அது அவளைக் குளிரவைத்திருக்கும். இன்று சுருக்கென்றது.

"எத்தனை பேருக்குச் சொல்லி வித்தீங்க, எத்தனை பேருக்குச் சொல்லாம வித்தீங்க?"

அண்ணன் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வாட்சைத் திறந்தார்.

அவள் வீட்டில் அண்ணனுடைய டயல்கள் ஆறு பாக்கியிருந்தன. அந்த வாரத்துக்குள் ஆறையும் செய்தாள். இதுவரை செய்ததிலேயே அழகாகச் செய்தாள். பிறகு ஒற்றை முடித் தூரிகையை எடுத்து, ஆறாம் எண்ணுக்குக் கீழே, உறையின் விளிம்பு மறைக்காத இடத்தில், பொடி எழுத்தில் எழுதினாள்: "வீட்டில் பழசாக்கியது."

கணவர் லென்ஸை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். "அண்ணன் குதிப்பாரே."

"குதிக்கட்டும்."

"ம்" என்றார். பிறகு தானே கடைக்குப் போய் ஒரு தட்டு முட்டை வாங்கிவந்து வைத்தார். அதை அவள் ஆதரவு என்றே எடுத்துக்கொண்டாள்.

அண்ணன் குதிக்கத்தான் செய்தார். "முகத்துல பச்சை குத்தின மாதிரி இருக்கு! இதை எவன் வாங்குவான்? ஆறு டயலும் வீணு!" என்று போனில் கத்தியது அடுத்த அறைக்குக் கேட்டது. மறுநாள் அண்ணி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது.

"கூடப்பிறந்தவர் பொழைப்புல மண்ணைப் போடலாமா? அந்த எழுத்தை அழிச்சுக் குடுத்துடு. இனிமே உன்கிட்ட கொண்டுவரவே மாட்டாரு."

"உக்காருங்க அண்ணி, காபி குடிங்க. எழுத்து மட்டும் அழியாது."

"யார் கேட்டா உன்னை? யாராவது புகார் சொன்னாங்களா?"

"ஏமாந்ததே தெரியாதவங்க அண்ணி அவங்க. எனக்குத்தானே தெரியும்."

அண்ணி காபியைக் குடிக்காமலே போனாள்.

பத்து நாள் கழித்துத் தபால்காரர் பல் பொருந்துகிறதா என்று பார்க்க வந்தார். பொருந்தியது, எது பிறந்த பல், எது வந்த பல் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முட்டை, வினிகர், கணவரின் தும்மல், கடை யாருடையது என்பது உட்பட.

அவர் வாட்சைக் கழற்றினார். காற்புள்ளிக் கறையை நகத்தால் தொட்டுப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"இதை ஏன் எங்கிட்ட சொன்னீங்க? நான் பாட்டுக்கு சந்தோஷமா இருந்தேன்."

"தெரியும் சார்."

"இப்ப வாயில வெச்சீங்களே, இதாவது நிஜமா?"

"இதுவும் பொய்தான் சார். ஆனா பொய்ப்பல்லுன்னு சொல்லித்தானே வெச்சேன்."

அவர் சட்டென்று எழுந்தார். நன்றி சொல்லவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே கடையில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டு, வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அவள் எதிர்பார்த்த மன்னிப்பு கிடைக்கவில்லை. ஆனாலும் சொன்னதைத் திரும்ப விழுங்க அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

அண்ணன் பேச்சை நிறுத்தினார். டயல் வரத்தும் நின்றது. சமையலறையில் ஞாயிறுகள் வெறிச்சென்று கிடந்தன. மூன்றாவது ஞாயிறு, அவள் ஒரு அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி வாசல் கம்பியில் கட்டினாள்: "புது டயலும் முள்ளும் பழசு போல ஆக்கித் தரப்படும். பழசு என்று சொல்லி விற்கிறவர்கள் வர வேண்டாம்."

"இதைப் பாத்துட்டு யாரும்மா வருவா?" என்று எதிர்வீட்டுத் தையற்காரர் கேட்டார்.

"வர்றவங்க வரட்டும்."

முதலில் வந்தவர்கள் இரண்டு வியாபாரிகள். எழுத்தில்லாமல் செய்து கொடுத்தால் இரட்டிப்பாகத் தருவதாகச் சொன்னார்கள். அட்டையை விரலால் காட்டிக் கதவைச் சாத்தினாள். அடுத்து ஒரு நாடகக் குழுவில் மேடைச் சாமான்களைக் கவனிப்பவர் வந்தார். பிறகு ஒரு பஸ் நடத்துநர். "புதுசு கட்டினா, பயணிங்க எல்லாம் மணி கேட்டுட்டு வாட்சையே பாக்கறாங்க. கண்ணை உறுத்தாத மாதிரி ஆக்கிடுங்க" என்றார். கீழே எழுத்து இருக்கும் என்றாள். "இருக்கட்டுமே, இன்னும் பெரிசாக்கூட எழுதுங்க" என்று அவர் சிரித்தார்.

குளிர்காலம் தொடங்கியபோது அண்ணன் வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று அட்டையைப் படித்தார். இரண்டாவது வரி யாருக்கு என்று அவருக்குப் புரியாமல் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார்.

"இந்த வாட்சுக்காரருக்கு எல்லாம் சொல்லிட்டேன். டயலு புதுசுன்னு தெரியும். செஞ்சு குடு."

"அவரையே வரச் சொல்லுங்கண்ணே."

"என் பேச்சு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இல்லண்ணே."

அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அண்ணன் டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். காபி கொடுத்தாள். நின்றபடியே குடித்து, டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. குட்டையான ஒரு மனிதர், கையில் அதே டப்பா.

"உங்க அண்ணன் அனுப்பினாரு. 'அவ உங்களை நேர்ல பாத்து, உங்க வாயால கேக்காம வேலைய தொடமாட்டா, நீங்களே போங்க'ன்னு சொல்லிட்டாரு. கொஞ்சம் கடுப்பாத்தான் சொன்னாரு."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு, உள்ள வாங்க" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "டயலு புதுசுன்னு தெரியுமில்ல? ஒருதடவை உங்க வாயால சொல்லுங்க."