இடது புருவம்

மற்ற பிள்ளைகளுக்கு முகத்தில் மயக்க கேஸைக் காட்டித் தூங்க வைத்துவிடலாம். தசையில் வலுவே இல்லாத இந்தச் சிறுமிக்கு அந்த கேஸே எமன். அதனால் மயக்க மருந்து டாக்டர் எல்லோருக்கும் முன்பே ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து, மெஷினிலிருந்து கேஸ் மருந்துப் புட்டிகளைக் கழற்றி, குழாய்களில் வெறும் ஆக்சிஜனை ஓடவிட்டாள். இதைப் பிறரிடம் விட அவளுக்கு மனம் வராது.

முந்தைய நாள் தொப்பியும் மாஸ்க்குமாக வார்டுக்குப் போயிருந்தாள்.

"தலையைத் தூக்கு பாக்கலாம். என் கையை இறுக்கிப் பிடி."

இரண்டும் முடியவில்லை. மயக்கம் தெளிந்ததா என்று பார்க்க வழக்கமாகக் கேட்பது இவற்றைத்தான். நல்ல நாளிலேயே முடியாததை நாளைக்கு எப்படிக் கேட்பது? சிறுமி இடது புருவத்தை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

"புது ஆளைப் பாத்தா இப்படித்தான், யாருன்னு கேக்குற மாதிரி" என்றாள் அம்மா. "தொண்டையில வைக்கிற குழாயை எடுத்தா தானா மூச்சு விடுவாளா டாக்டர்?"

"விடுவான்னு தெரியாம எடுக்க மாட்டேன்."

வளைந்த காலை நிமிர்த்தும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

"கண் முழிக்க இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் சர்ஜன்.

"ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கக் கூடாதா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நர்ஸும் வாசல் பக்கம் நகர்ந்தாள். அவசரப்பட்டுக் குழாயை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். தாமதித்தால் நெஞ்சு மெஷினுக்கே பழகிவிடும். அந்தப் பயத்தில் பங்கு கேட்க யாரும் வருவதில்லை.

"கண்ணு, புருவத்தைத் தூக்கு."

அசைவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடியும். கடைசியில் இடது புருவம் லேசாகத் துடித்தது. அது போதாது என்று காத்திருந்தாள். நேற்றுப் பார்த்த உயரத்துக்கு அது ஏறிய பிறகுதான் குழாயை எடுத்தாள். சின்ன நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. டாக்டருக்கு அழுகை வந்தது; மாஸ்க் இருந்தது நல்லதாயிற்று.

சில நாள் கழித்து, வீட்டுக்குக் கிளம்பிய அம்மாவும் வீல்சேரில் மகளும் லிஃப்டில் ஏறினார்கள். உள்ளே தொப்பியும் மாஸ்க்கும் இல்லாமல், சாதாரண உடையில் டாக்டர் நின்றிருந்தாள். சிறுமியின் இடது புருவம் உயர்ந்தது.

"யாரும்மா இவங்க?"

"தெரியலடி, யாரோ." அம்மா சங்கடமாகச் சிரித்தாள்.

நான்தான் என்று சொல்ல டாக்டருக்கு வாய் வரை வந்தது. "எந்த மாடி?" என்று மட்டும் கேட்டாள். கீழ்த்தளம் வரும்வரை அந்தப் புருவம் இறங்கவில்லை. அவளும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.