ஸ்லோவேனியாவில் கழுவியது

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு சுஷ்மா வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். இப்போதெல்லாம் பெண் வீட்டார்தான் வந்து பார்க்கிறார்கள். பஜ்ஜி மட்டும் மாறவில்லை.

இந்த இடமும் தட்டிப்போனால் விசாலாக்ஷிக்குத் தாங்காது. பிள்ளை அனிருத்துக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. நல்ல ஐடி வேலை, சாங்வியில் சொந்த ஃப்ளாட், முன்நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம். இதுவரை வந்த பெண்கள் எல்லோரும் காபி குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்கள். இன்னும் யோசிக்கிறார்கள். சுஷ்மா போசரியில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். தானாகக் கேட்டு வந்தவள். காரணம் ஒரு போட்டோ.

அதில் அனிருத் ஸ்லோவேனியாவின் ஏதோ மலைக் கிராமத்தில், மரக் கழிப்பறை ஒன்றின் முன்னால், கையில் வாளியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். பன்னாட்டுத் தொண்டர் முகாம். சரிந்த கற்சுவரை எடுத்துக் கட்டுவது வேலை. பல தேசத்துப் பிள்ளைகள் ஆபீசுக்கு லீவு போட்டு, விமானம் ஏறி, முகாமுக்கும் பணம் கட்டி, கல் சுமந்தார்கள். கிராமத்தார் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்கள். அங்கே கழிப்பறையில் தண்ணீர் கிடையாது. வாளியை எடுத்துப்போய் உரக்குழியில் கொட்ட வேண்டும். ஒரு வாரம் அது அனிருத்தின் வேலை.

போனில் இந்தச் செய்தி வந்த அன்று விசாலாக்ஷி அழுதாள். முதுகுவலி என்று சொல்லி வேறு யார் தலையிலாவது கட்டச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. சரி, வேலை முடிந்ததும் தலைக்குக் குளித்துப் பூணூலை மாற்று என்றாள். ஊற்று வற்றிவிட்டது, அடுத்த குளியல் வெள்ளிக்கிழமைதான் என்றான். கட்கி ஃபாக்டரியில் ரிட்டையரான அவள் கணவர் ஜம்பு நெடுநேரம் யோசித்தார். பிறகு பிள்ளைக்குப் பதிலாக சாங்வியில் அவரே தலைக்கு ஊற்றிக்கொண்டார். தகப்பன் குளித்தால் பிள்ளைக்குச் சேரும் என்றார். வாரம் முழுக்கக் குளித்தார். ஜலதோஷம் அவருக்கே சேர்ந்தது.

உறவுக்காரர்களிடம் பையன் சுவர் கட்டுகிறான் என்பதோடு விசாலாக்ஷி நிறுத்திக்கொண்டாள். அவன் போட்டோவை லிங்க்ட்இன்னில் போட்டான். மேனேஜரே கைதட்டினார். சுஷ்மாவின் அம்மா ரமா போன் செய்து, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று உருகினாள். அன்றே போட்டோ ஃப்ரேம் போட்டு ஹாலுக்கு வந்துவிட்டது, வெங்கடாசலபதிக்கு நேர் எதிரே.

இப்போது அனிருத் டீவியில் முகாம் படங்களை ஓட்டிக்கொண்டிருந்தான். எந்த வேலையும் கேவலமில்லை என்பதை ஆங்கிலத்தில் விளக்கினான். ரமா தலையாட்டினாள். சுஷ்மா பஜ்ஜி தின்றாள்.

அவள் அப்பா பாலசுப்ரமணியன் பாத்ரூம் போய்விட்டு வந்தார். முகம் சரியில்லை. ஜம்புவின் காதில் ரகசியமாக, தண்ணீர் இறங்கவில்லை, ஏறுகிறது என்றார். ரகசியம் ஹால் முழுக்கக் கேட்டது. ஜம்பு ஃப்ளாட் சோசைட்டி ப்ளம்பரைப் போனில் கூப்பிட்டார். அவன் ஊருக்குப் போயிருந்தான்.

ரமா சிரித்தாள். "எதுக்கு மாமா ப்ளம்பர்? எக்ஸ்பர்ட் ஆத்துலயே இருக்காரே."

எல்லோரும் அனிருத்தைப் பார்த்தார்கள். அவன் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தான்.

"அது ட்ரை டாய்லெட், ஆன்ட்டி. இது ஃப்ளஷ். டெக்னாலஜியே வேற."

விசாலாக்ஷி கணக்குப் போட்டாள். போகச் சொன்னால் போவான். போய், அங்கிருந்து "அம்மா" என்று கூப்பிடுவான். அது ஹாலுக்குக் கேட்கும். பர்ஃபி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தை எடுத்தாள். அது அங்கே இருப்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. பாத்ரூமுக்குள் போய்ப் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள். பின்னாலேயே வந்த ஜம்பு, அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நின்று, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார்.

அவள் அழுத்தினாள். ஹாலில் பிள்ளை, அந்தக் கிராமம் தன்னை எப்படி மாற்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். பெரிய ஏப்பம் விட்டுத் தண்ணீர் இறங்கியது.

நிமிர்ந்தபோது வாசலில் ஜம்பு இல்லை. சுஷ்மா நின்றிருந்தாள்.

விசாலாக்ஷி புடவையை இறக்கிவிட்டாள். அவன் வருகிறேன் என்றுதான் சொன்னான், விருந்தாளிகளை விட்டுவிட்டு வர வேண்டாமென்று தானே தடுத்ததாகச் சொன்னாள். அவன் நன்றாகவே செய்வான் என்றாள். போட்டோவில் பார்த்திருப்பாயே என்றும் சொன்னாள்.

சுஷ்மா அவள் கையிலிருந்ததை வாங்கி, குழாயைத் திறந்து அலம்பினாள். ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

"மாமி, ஆத்துல இந்தக் கேம்ப் எத்தனை வருஷமா நடக்கறது?"