மாறாத மனிதனைப் பற்றி ஒரு கட்டுரை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்கிறேன். வேண்டுமானால் பைபிளைக் கொண்டுவாருங்கள், கை வைக்கிறேன். என் கண்பார்வைக்கு அது பைபிள்தானா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் மீன்பிடித் துறைமுகத்தில் வாழ்நாள் முழுக்க ஐஸ் வெட்டியவன் நான். விறைத்த கைக்குப் பொய் வராது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு லொரெய்ன் விக்னல் ஒரு நாவலைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வீசி எறிந்தாள். நான் அவள் சமையலறை மேசையில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். புத்தகம் சோப்பு நுரையில் கொஞ்ச நேரம் மிதந்தது, பிறகு முழுகியது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றாள். அவள் அழுகிறாளா என்று பார்ப்பதற்கு நான் எழுந்திருக்க வேண்டியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

நாற்பத்து மூன்று வயதில் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலப் பரீட்சையை எழுதுவது என்ன கொடுமை என்று அவளைக் கேட்க வேண்டும். முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டும் வேலை அவளுக்கு. நர்ஸ் படிப்பில் இடம் கொடுத்திருந்தார்கள், ஆனால் இந்தப் பரீட்சையில் தேற வேண்டும், அதற்கென்று மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். இரண்டு முறை தவறிவிட்டாள். இந்த முறையும் தவறினால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. பரீட்சைக்குப் புத்தகம் கொண்டுபோகக் கூடாது, மேற்கோள் எல்லாம் மனப்பாடம். அதனால் அந்த வீட்டில் அடுப்புக்கு மேலே, குளிர்பெட்டிக் கதவில், கழிப்பறைக்குள் என்று எங்கே திரும்பினாலும் ஏபெல் கிரேக் பேசிக்கொண்டிருந்தான்.

ஏபெல் கிரேக் அந்த நாவலின் ஆட்டுக்காரன். வீட்டை விட்டு ஓடிப்போன மகளுக்குக் கதவைச் சாத்தியவன். வருஷா வருஷம் கேள்வி ஒன்றுதான்: கதையின் போக்கில் கிரேக்கின் மனப்பான்மை எவ்வாறு மாறுகிறது?

"அவன் மாறவே இல்ல மாமா," என்றாள் லொரெய்ன், தொட்டியைப் பார்த்தபடி.

"கடைசில மகளுக்கும் சேத்து ரெண்டு கப்பு எடுத்து வைக்கிறானேம்மா?"

"தூசி தட்ட எடுத்திருப்பான்."

"மாறினான்னு சும்மா எழுதிடேன், கண்ணு. பரீட்சைதான?"

"எழுதப் போனா கை நகர மாட்டேங்குது. பொறந்ததுலேந்து ஒரே ஒரு ஆம்பளயத்தான் கிட்டக்கப் பாத்துட்டு இருக்கேன். எங்க மாறுனாரு, சொல்லுங்க?"

முன்னறையில் அவளுடைய அப்பா ஸ்டான் தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் டீ போட எழுகிறவன் அறையில் இருக்கும் எல்லோரையும் "உனக்கு?" என்று கேட்பான். அது மரியாதைகூட இல்லை, மூச்சு விடுவது மாதிரி. ஸ்டான் எழுவான், ஒரே ஒரு கப் போடுவான், திரும்பி வந்து உட்காருவான். லொரெய்ன் பிறந்த அன்று மனைவியின் கட்டிலருகே நின்று ஒரே ஒரு கப் குடித்தவன் அவன். பதினாறு வயதில் அவள் இதே பரீட்சையில் தவறியபோது, "நல்லதாப் போச்சு, மீன் வெட்ட எதுக்கு இங்கிலீஷு?" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

மறுநாள் கடலோரப் பெஞ்சில் அவனைப் பிடித்தேன்.

"உன் மவ ஃபெயிலாகப் போறாடா. நீதான் காரணம்."

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான்."

"இப்ப என்ன பண்ணணும்ங்கற?"

"மாறணும்."

"எது வரைக்கும்?" என்றான்.

"பரீட்சை வரைக்கும்."

"சரி. எந்தப் பக்கத்துலேந்து ஆரம்பிக்கணும்?"

நனைந்த நாவலை வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மேல் காயவைத்து எடுத்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் படித்த முதல் புத்தகம். வரிசை தப்பாமல் மாறத் தொடங்கினான். கிரேக் தன் பட்டிக் கதவைத் தாழிடாமல் விடுகிற இடம் வந்ததும், ஸ்டான் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினான். காலையில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிக்கு ஒன்றாகக் கடற்காகங்கள் உட்கார்ந்திருந்தன. லொரெய்ன் காற்றைத் திட்டினாள். கிரேக் தன் நாயிடம் மகளின் பெயரைச் சொல்கிற இடம் வந்தது. ஸ்டானுக்கு நாய் கிடையாது, என் நாய் மேஜரை இரவல் வாங்கிப்போனான். கொல்லைப்புறத்தில் அதன் எதிரே குந்தி, "லொரெய்ன்," என்றான். பழக்கமில்லாத சொல் என்பதால் பல தடவை சொல்லிப் பார்த்தான். அதற்குப் பிறகு மேஜர் வேறு எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை. இப்போதும் தெருவில் நான் "லொரெய்ன்!" என்று கத்தினால்தான் நாய் வீடு வரும்.

அவள் எதையும் கவனிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. அடுப்பின் முன் நின்று கிரேக்கின் வசனத்தை முணுமுணுத்தபடியே மீனைக் கரியாக்கினாள். ஒரு சாயங்காலம் வேலியோரம் வந்து, "விட்டுடறேன் மாமா," என்றாள். "அந்த இல்லத்துலயே கெடக்கறேன். வயசானா அங்கயே ஒரு கட்டில்ல படுத்துக்கலாம். பஸ் செலவு மிச்சம்." நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு, ஸ்டான் நாற்காலியை விட்டு எழுந்தான். "டீ போடறேன். உனக்கு?" என்றான்.

லொரெய்ன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

பக்கவாதத்தின் அறிகுறிகள் அவளுக்கு அத்துப்படி. "பல்லக் காட்டுங்கப்பா. ரெண்டு கையையும் தூக்குங்க."

"கையில கப்பு இருக்குடி!"

ஆம்புலன்ஸில் வந்த பெண் ஸ்டானின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "வழக்கத்துக்கு மாறா ஏதாவது செஞ்சாரா?"

"எனக்கு டீ போட்டாரு."

"இதுக்கு முன்னாடி?"

"என் ஆயுசுல இல்ல."

அந்தப் பெண்ணும் எங்கள் ஊர்க்காரிதான். முகத்தில் இருந்த சிரிப்பு போய், ஸ்ட்ரெச்சரை எடுக்கச் சொன்னாள். மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இருபக்கமும் கட்டில்கள் நெருக்கியிருந்த தாழ்வாரத்தில் லொரெய்ன் அவன் எதிரே நின்றாள்.

"அப்ப ஏன் எனக்கு டீ போட்டீங்க?"

"அத்தியாயம் இருபத்தி நாலு," என்றான் ஸ்டான்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் சுவரில் சாய்ந்துவிட்டாள். "எனக்காக நடிச்சீங்களா? நடிப்புக்கு மார்க் கெடயாதுப்பா."

"எனக்கு மாறத் தெரியாது. அவன் செஞ்சதப் பாத்துச் செஞ்சேன். வேற எப்படிச் செய்யறது?"

லொரெய்ன் வீடு வரும்வரை பஸ் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

பரீட்சை நாளன்று பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில், பரீட்சை விதிப்படி லேபிள் கிழித்த தண்ணீர்ப் புட்டியோடு, பதினாறு வயசுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தாள். அதே கேள்வி. பக்கத்துப் பையன் மூன்றாவது தாள் கேட்கும்வரை அவள் முன்னால் வெள்ளைத் தாள்தான் இருந்ததாம். அப்புறம் எழுத ஆரம்பித்தவள், பேனாவைப் பிடுங்காத குறையாக மேற்பார்வையாளர் நிறுத்தும்வரை எழுதினாளாம்.

நானும் ஸ்டானும் வெளியே மதில்மேல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளெல்லாம் கத்திக்கொண்டு ஓடிய பிறகு கடைசியாக வந்தாள்.

"என்ன எழுதின?" என்றான் ஸ்டான்.

"மாறுறான்னு எழுதினேன். எந்த எடத்துலன்னு காட்ட முடியல. அவனுக்கே தெரியாதுன்னு எழுதிட்டேன்."

"அதுக்கு மார்க் உண்டா?"

"தெரியலப்பா. எனக்கு வேற எதுவும் வரல."

முடிவு ஆகஸ்டில்தான். அவளுடைய வலது கை மடங்கிய நிலையிலேயே விறைத்துப்போயிருந்தது, விரல்களை நீட்ட முடியவில்லை. ஸ்டான் மதிலிலிருந்து இறங்கினான். ஐஸ் அறையிலிருந்து வெளியே வரும் ஆளுக்கு நாங்கள் செய்வது போல, அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேய்த்து நீட்டத் தொடங்கினான். எந்த அத்தியாயத்திலும் அது கிடையாது. டிராம் வந்து, நின்று, போய்விட்டது. அவர்கள் ஏறவில்லை. அவன் நடுவிரலுக்கு வந்திருந்தான்.

ஸ்டானை நாங்கள் அடக்கம் செய்தது, லொரெய்ன் அந்த மாலை வகுப்பில் சேர்வதற்கும் முந்தைய நவம்பரில், நாவல் தொட்டியில் விழுந்த ஏப்ரலுக்கு வெகு முன்னாலேயே.